ஸ்டையல் நூற்பாலை ஆவணங்கள்: முதலாளி குடும்பம் தனக்காக எழுதிய கணக்கில் தொழிலாளி எங்கே இருக்கிறார்?

தறிநாடா எழுதியது:

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஸ்டையல் என்ற ஊரில், போலின் ஆற்றங்கரையில் குவாரி பேங்க் என்ற பருத்தி நூற்பாலை இருக்கிறது. சாமுவேல் கிரெக் 1784இல் தொடங்கியது. அவருக்குப் பிறகு மகன் ராபர்ட் ஹைட் கிரெக், அப்புறம் பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. 1939இல் அலெக் கிரெக் ஆலையையும் சுற்றியிருந்த நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார். உற்பத்தி முழுசாக நின்றது 1959இல். இப்போது அருங்காட்சியகம்.

நான் பேச வந்தது கட்டடத்தைப் பற்றி இல்லை, காகிதத்தைப் பற்றி. சம்பள ஏடுகள், கூட்டாளிகளின் மூலதனக் கணக்கு, சிறுவர்களின் ஒப்பந்தப் பத்திரங்கள், கடிதங்கள், ஆலை மருத்துவரின் குறிப்பேடு என்று கிரெக் குடும்பத்தின் ஆவணங்கள் நிறையவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஒரு பகுதி மான்செஸ்டர் மத்திய நூலகத்தில், இன்னொரு பகுதி ஆலையிலேயே. தொழிற்புரட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் குவியலில் இருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் 'பாருங்கள், எவ்வளவு நல்ல முதலாளி' என்கிறார். இன்னொருவர் அதே பெட்டியில் இருந்து வேறொரு காகிதத்தை எடுத்து 'பாருங்கள், எவ்வளவு கொடுமை' என்கிறார்.

என் கருத்து இது. இந்தக் காகிதங்கள் எல்லாமே பணத்துக்காகவோ பயத்துக்காகவோ எழுதப்பட்டவை. ஒரு சிறுவன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவரை அவனைப் பற்றி யாரும் ஒரு வரி எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஓடிப்போனால், விரல் போனால், கோர்ட்டுக்குப் போனால்தான் அவன் காகிதத்துக்கு வருகிறான். அதனால் ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அன்று அதை எழுத வேண்டிய தேவை யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும்.

நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்த இழையில் கிரெக் ஆவணங்களையே மையமாக வைத்துப் பேசலாம்.


பேரேடு எழுதியது:

தம்பி, நல்ல இழை. நான் நூற்பாலைக் கணக்குப் பிரிவிலேயே தலை நரைத்தவன். கணக்கேடுகளைப் படிக்கும்போது வரலாற்று ஆர்வலர்கள் தடுக்கி விழும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பணம். பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கூட்டும்போது ஒரு பத்தியில் 12க்கு ஒருமுறையும் அடுத்ததில் 20க்கு ஒருமுறையும் இடம் மாற வேண்டும். நம் பழக்கத்தில் பத்துப் பத்தாகக் கூட்டிவிட்டு 'கணக்கர் தப்பாக எழுதியிருக்கிறார்' என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது லாபம். கூட்டாளிகள் போட்ட மூலதனத்துக்கு முதலில் வட்டி எழுதிவிட்டு, மிச்சத்தைத்தான் லாபம் என்று காட்டுவது அக்காலக் கூட்டு வணிகங்களில் சகஜம். வட்டி 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருந்தது. ஆகவே ஒரு வருடத்தின் லாபப் பத்தி மெலிந்திருந்தால் 'பாவம், முதலாளிக்கே ஒன்றும் மிஞ்சவில்லை' என்று உருகிவிடாதீர்கள். அவர் பங்கு வட்டியாக மேல் வரியிலேயே போயிருக்கலாம். இயந்திரத் தேய்மானத்தையும் இன்றைய முறையில் ஒழுங்காக எழுதும் வழக்கம் அப்போது இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். அப்ரண்டிஸ், அதாவது ஒப்பந்தப் பத்திரத்தில் கட்டுண்ட சிறுவர்களுக்குக் கூலி கிடையாது. சோறு, துணி, படுக்கை மட்டும். கூடுதல் நேரம் வேலை செய்தால் சில்லறை. அப்படியானால் சம்பள ஏட்டில் அவர்கள் எங்கே இருப்பார்கள்? ஓவர்டைம் வரிகளைத் தவிர வேறெங்கும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆன செலவெல்லாம் மாவு, பால், பன்றி இறைச்சி, துணி என்று அவர்கள் தங்கிய இல்லத்தின் கணக்கில் போய் உட்காரும். சம்பள ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆலையில் இத்தனை பேர் வேலை செய்தார்கள்' என்று எண்ணினால், சிறுவர்கள் மொத்தமாக விட்டுப்போவார்கள்.


ஊடைநூல் எழுதியது:

ஒரு அடிப்படைக் கேள்வி. யாருடைய பிள்ளைகள் இவர்கள்? அப்பா அம்மாவே கொண்டுவந்து விட்டார்களா?


தறிநாடா எழுதியது:

பேரேடு ஐயா, அந்த மூன்றாவது விஷயத்துக்கு நன்றி. பாவுக் கணக்கும் ஊடைக் கணக்கும் போல இரண்டு ஏடுகளையும் குறுக்கே வைத்துப் பார்த்தால்தான் துணி தெரியும் போலிருக்கிறது.

ஊடைநூல், பெரும்பாலும் ஏழை விடுதிப் பிள்ளைகள். அநாதைகள் மட்டும் இல்லை; தாய் உயிரோடு இருந்தும் வளர்க்க முடியாமல் விடுதிக்கு வந்தவர்களும் உண்டு. அந்நாளில் ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்தத் திருச்சபைப் பங்கின், அதாவது தேவாலய வட்டாரத்தின் பொறுப்பு. செலவு ஊர் வரியில் இருந்து. ஒரு பிள்ளையை ஆலைக்கு அனுப்பினால் அந்தச் செலவு மிச்சம். அதனால் பங்கு அதிகாரிகளே ஆலைக்காரருக்கு ஒரு சிறு தொகையும் மாற்றுத் துணியும் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவைத்தார்கள். ஒப்பந்தத்தில் அதிகாரிகளின் கையெழுத்து, மாஜிஸ்திரேட்டுகளின் ஒப்புதல் எல்லாம் இருக்கும். பிள்ளையின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டையலில் இவர்களுக்காக 1790இல் தனி இல்லம் கட்டினார் கிரெக். ஆலையில் இருந்து சிறிது தூரம். ஏறத்தாழ 90 பேர் வரை தங்கியிருக்கிறார்கள், அதில் பெண்பிள்ளைகளே அதிகம். தொடக்கத்தில் லண்டனில் ஹாக்னி, செல்சீ பக்கத்து ஏழை விடுதிகளில் இருந்தெல்லாம் வந்தார்கள். 1816இல் ஒரு சட்டம் வந்தது: லண்டன் பங்குகள் தங்கள் பிள்ளைகளை 40 மைலுக்கு அப்பால் அனுப்பக்கூடாது. அதற்குப் பிறகு லிவர்பூலில் இருந்தும் சுற்றுவட்டாரத்தில் இருந்தும்தான் ஆள் பிடிக்க முடிந்தது. பத்திரங்களில் பங்குகளின் பெயர் மாறுவதற்கு இதுதான் காரணம். கிரெக் குடும்பத்தின் மனமாற்றம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.


மேல்கரை எழுதியது:

நானும் கொஞ்சம் வாசித்தவன்தான், மறுத்துப் பேச அனுமதியுங்கள். இந்த மாதிரி இழைகளில் எப்போதும் ஒரு குற்றவாளிக் கூண்டு தயாராக இருக்கிறது. கிரெக்கை அவர் காலத்து மற்ற ஆலைக்காரர்களோடு ஒப்பிட வேண்டாமா? டெர்பிஷயரில் எல்லிஸ் நீதம் நடத்திய லிட்டன் ஆலையில் நடந்ததை ராபர்ட் பிளின்கோ என்ற முன்னாள் அப்ரண்டிஸின் வாழ்க்கைக் கதையில் படிக்கலாம்: அடி, பட்டினி, சித்திரவதை. ஸ்டையலில் அப்படி எதுவும் இல்லை. இல்லத்தில் மருத்துவர் வந்து பார்த்தார். பள்ளி நடந்தது, கிரெக்கின் மனைவி ஹேனாவே சொல்லிக்கொடுத்தார்.

1806இல் ஜோசப் செஃப்டன், தாமஸ் பிரீஸ்ட்லி என்ற இரண்டு பையன்கள் லண்டனுக்கு ஓடிப்போய் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தார்கள். அதிலேயே இல்லத்தைப் பற்றிப் பெரிய குறை எதுவும் சொல்லவில்லையே! அறைகள் சுத்தமாக இருந்தன, கட்டிலுக்கு இரண்டு பேர், மாதம் ஒருமுறை விரிப்பு மாற்றினார்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஓடிப்போன காரணம் அம்மாவைப் பார்க்க ஆசை. எந்தப் பையனுக்கும் இருக்கக்கூடிய ஆசை.


தறிநாடா எழுதியது:

மேல்கரை சார், அந்த வாக்குமூலத்தை நீங்கள் எடுத்ததில் மகிழ்ச்சி. நான் சொல்ல வந்ததற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1802இல் அப்ரண்டிஸ் சிறுவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி அறை, ஒரு கட்டிலில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, அறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், புதுத்துணி தர வேண்டும், படிப்பு சொல்லித்தர வேண்டும். இப்போது அந்த வாக்குமூலத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அறை, சுத்தம், கட்டில், துணி, பள்ளி, வேலை நேரம் என்று அநேகமாக அதே வரிசை. செஃப்டன் என்ற 17 வயதுப் பையன் தானாக உட்கார்ந்து விரிப்பு மாற்றுவதைப் பற்றி நினைவுகூரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் சட்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார், பையன் பதில் சொல்லியிருக்கிறான். கேள்விகளை எழுதாமல் பதில்களை மட்டும் எழுதியதால் அது நற்சான்றிதழ் போலத் தெரிகிறது. இது என் ஊகம்தான், ஆனால் வேறு எப்படியும் எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

கேள்விக்கு வெளியே வந்து விழுந்தது என்று பார்த்தால் பிரீஸ்ட்லி சொன்னது. வயது 13. இடது கை விரல் ஒன்று இயந்திரச் சக்கரத்தில் சிக்கிப் பிய்ந்து போனது. ஆறிக்கொண்டிருந்த நாட்களில் அம்மாவைப் பார்க்கத் தோன்றியது. ஸ்டையலில் இருந்து லண்டன் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 'எந்தப் பையனுக்கும் இருக்கக்கூடிய ஆசை' என்று அதைக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும்.


மேல்கரை எழுதியது:

அந்த 1802 சட்டத்தோடு வைத்துப் படிப்பது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒன்று: சட்டம் கேட்டதற்கு 'ஆமாம், செய்தார்கள்' என்று பையன் பதில் சொல்லியிருக்கிறான். பல ஆலைகளில் அந்தப் பதில் வந்திருக்காது. மேற்பார்வை என்று பெயருக்குத்தான் இருந்தது. மாஜிஸ்திரேட்டுகள் நியமிக்கும் பார்வையாளர்கள் எத்தனை ஆலைக்குப் போனார்கள்? யாரும் கேட்காதபோதும் கட்டிலுக்கு இரண்டு பேர் என்று கிரெக் வைத்திருந்தாரே, அதற்கு ஒரு மதிப்பெண் கொடுக்க மாட்டீர்களா?


குமிழ்விளக்கு எழுதியது:

மதிப்பெண் போடுகிற வேலையை விட்டுவிட்டு மருத்துவர் பக்கம் வரலாமா? நான் மருத்துவத் துறை.

ஆலை மருத்துவர் பீட்டர் ஹாலண்ட். பக்கத்து நட்ஸ்ஃபோர்டு ஊர்க்காரர், நாவலாசிரியர் எலிசபெத் கேஸ்கெல்லின் தாய்மாமன். ஒரு ஆலை தன் தொழிலாளர்களுக்கென்று மருத்துவர் வைத்துக்கொண்டதற்கு மிகப் பழைய உதாரணங்களில் இது ஒன்று. அவர் குறிப்பேட்டில் யாருக்கு என்ன நோய், என்ன கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அட்டை விடுவது, கொப்புளம் கிளப்பும் பற்று, பேதிக்குக் கொடுப்பது, ரொட்டிப் பற்று: அந்தக் காலத்து வைத்தியம். இன்றைக்குப் படித்தால் நோயைவிட மருந்து பயமாக இருக்கும்.

ஆனால் ஹாலண்டுக்கு இரண்டு வேலை. ஒன்று வைத்தியம். இன்னொன்று, புதிதாக வரும் பிள்ளைகளைப் பரிசோதித்து 'வேலைக்குத் தகுதி' என்று சொல்வது. அந்தச் சொல் வந்தபிறகுதான் ஒப்பந்தம். அப்படியென்றால் நோஞ்சான் பிள்ளைகள் முதலிலேயே கழிக்கப்பட்டார்கள். 'ஸ்டையலில் இறப்பு குறைவு, அதனால் பராமரிப்பு நன்றாக இருந்தது' என்ற வாதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே விடும்போதே ஆரோக்கியமானவர்களைத் தேர்ந்தெடுத்தால் இறப்பு குறையத்தான் செய்யும். எங்கள் துறையில் முதல் வருட மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

இதனால் ஹாலண்ட் மோசமானவர் என்று சொல்லவில்லை. குறிப்பேட்டைப் பார்த்தால் அக்கறையுள்ள மனிதராகத்தான் தெரிகிறார். அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன்.


வெண்பஞ்சு எழுதியது:

எஸ்தர் பிரைஸ் பற்றி யாருமே இன்னும் சொல்லவில்லையே! கிரெக் ஆவணங்களில் எனக்குப் பிடித்த ஆள்.

எஸ்தர் லிவர்பூல் பெண். 1836இல் லூசி கார்னர் என்ற இன்னொரு அப்ரண்டிஸோடு சேர்ந்து இல்லத்தை விட்டு ஓடினார். திரும்பி வந்தபோது தனி அறையில் அடைத்தார்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்து மூடினார்கள். இது எப்படித் தெரியும் என்றால், ராபர்ட் ஹைட் கிரெக்கே இந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். ஏன் எழுதினார்? தறிநாடா சொன்ன அதே பயம். 1833 தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பிறகு அரசு ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் தன் தரப்பைச் சொல்ல ஒரு காகிதம் வேண்டும். ராபர்ட் சாதாரண ஆள் இல்லை. வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டங்களை எதிர்த்து 1837இல் நூல் வெளியிட்டவர், பிறகு மான்செஸ்டரின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர்.

கதையின் அடுத்த பகுதிதான் சுவாரசியம். எஸ்தர் தன் ஞானஸ்நானச் சான்றிதழை வரவழைத்தார். பத்திரத்தில் எழுதியிருந்ததைவிடத் தனக்கு வயது அதிகம் என்று காட்டினார். வயது அதிகம் என்றால் ஒப்பந்தக் காலம் முன்னதாகவே முடிந்துவிடும், அதற்குமேல் கூலி கொடுத்துத்தான் வேலை வாங்க முடியும். வழக்காடி வெளியே போய்விட்டார் என்று நினைப்பீர்கள். இல்லை, அதே ஆலையில் கூலித் தொழிலாளியாகத் தொடர்ந்தார்.

இங்கிலாந்தில் அரசாங்கப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலையில்தான். அதுவரை ஏழைப் பிள்ளையின் வயது என்பது பல்லையும் உயரத்தையும் பார்த்து யாரோ ஒருவர் சொல்வது. பத்திரத்தில் ஒரு வயது, தேவாலயப் பதிவேட்டில் இன்னொரு வயது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டவர் அந்தப் பெண்தான். வரலாற்று ஆய்வாளர்கள் பின்னால் வந்தார்கள்.


ஊடைநூல் எழுதியது:

அருமை. வயதைக் குறைத்து எழுதினால் அத்தனை வருடம் கூலியில்லா வேலை லாபம். இதை வேண்டுமென்றே செய்தார்களா?


வெண்பஞ்சு எழுதியது:

எஸ்தர் விஷயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏழை விடுதியிலேயே தப்பாக எழுதியிருக்கலாம். யாருக்குச் சாதகமாகத் தப்பு நடந்தது என்பது மட்டும் தெளிவு.


தூரக்கடல் எழுதியது:

இத்தனை பதிவுகள் ஓடியும் யாரும் டொமினிக்கா பக்கம் திரும்பவில்லை.

கிரெக் குடும்பத்துக்குக் கரீபியனில் தோட்டங்கள் இருந்தன. டொமினிக்கா தீவில் ஹில்ஸ்பரோ, செயின்ட் வின்சென்டில் கேன் கார்டன். குடும்ப வழியாக சாமுவேல் கிரெக்குக்கு வந்தவை. அடிமைகள் வேலை செய்த தோட்டங்கள். ஸ்டையலில் மருத்துவர் வைத்துப் பள்ளி நடத்திய அதே மனிதருக்கு, கடலுக்கு அப்பால் மனிதர்களே சொத்து. மனைவி ஹேனாவோ லிவர்பூலில் யூனிட்டேரியன் என்ற கிறித்தவப் பிரிவினரின் வட்டாரத்தில் வளர்ந்தவர். அந்த வட்டாரத்தில் ராத்போன், ராஸ்கோ போன்ற அடிமை ஒழிப்பு ஆதரவாளர்கள் இருந்தார்கள். வீட்டில் இது எப்படிப் பேசப்பட்டது என்று கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

1817 முதல் டொமினிக்காவில் அடிமைகளைப் பதிவு செய்யும் முறை வந்தது. பெயர், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவிலேயே பிறந்தவரா என்று தோட்டக்காரரே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை ஸ்டையலின் அப்ரண்டிஸ் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கும் பெயர், வயது, வந்த இடம். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்ரண்டிஸ் ஒருநாள் விடுதலையாவான், அவன் பிள்ளை அடிமையாகப் பிறக்காது. அந்த வித்தியாசம் மலையளவு. ஆனால் இரண்டையும் எழுதிய பார்வை ஒன்றுதான்.

அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. கொடுத்தது உடைமையாளர்களுக்கு. கிரெக் குடும்பமும் வாங்கியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2013இல் இந்த இழப்பீட்டு விவரங்களைத் தேடக்கூடிய தரவுத்தளமாக வெளியிட்ட பிறகு யாரும் அறியேன் என்று சொல்ல முடியாது.


மேல்கரை எழுதியது:

இழை நூற்பாலை ஆவணங்களைப் பற்றியது. டொமினிக்கா தனி இழைக்கு உரியது இல்லையா?


தூரக்கடல் எழுதியது:

ஆலைக்குள் வந்த பஞ்சு எங்கிருந்து வந்தது சார்? கரீபியன், பிரேசில், அப்புறம் அமெரிக்கத் தெற்கு. கொள்முதல் கணக்கைத் திறந்த முதல் பக்கத்திலேயே கடல் வந்துவிடுகிறது. அதைத் தனி இழையில் போட முடியாது.


பேரேடு எழுதியது:

தூரக்கடல் சொல்வதில் கணக்குப்படியும் நியாயம் இருக்கிறது. குடும்ப நிறுவனத்தில் ஆலைப் பணம், வீட்டுப் பணம், தோட்டப் பணம் எல்லாம் ஒரே பெட்டி. நிறுவனக் கணக்கை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தால் பாதிதான் புரியும். பங்குக் கம்பெனிக்கும் குடும்பக் கம்பெனிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். அக்காளுக்குக் கொடுத்த சீர், தம்பி வாங்கிய கடன், எல்லாம் பேரேட்டில் ஒரு தலைப்பாகக் கிடக்கும்.


காகிதப்பூச்சி எழுதியது:

ஆவணப் பாதுகாப்பில் வேலை செய்பவள். வேறொரு பக்கம் இருந்து பேசுகிறேன்: இவை ஏன் மிஞ்சின?

ஒரு ஆலை மூடப்பட்டால் இயந்திரத்தை விற்பார்கள், நிலத்தை விற்பார்கள். காகிதத்தை எடைக்குப் போடுவார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் பழைய காகிதம் சேகரிக்கும் இயக்கமே நடந்தது. எத்தனையோ நிறுவனங்களின் பழைய ஏடுகள் அதில் கூழாகப் போயின. கிரெக் ஏடுகள் தப்பியதற்குக் காரணம், குடும்பம் அதே இடத்தில் தொடர்ந்தது, பிறகு மொத்தமாக ஒரு அறக்கட்டளை கைக்குப் போனது. அதாவது, பிழைத்த நிறுவனங்களின் ஆவணம்தான் பிழைக்கிறது. மூன்று வருடம் நடத்தித் திவாலானவரின் ஆலையில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. மேல்கரை சார் கேட்ட ஒப்பீட்டுக்கு இது பெரிய தடை.

விதிவிலக்கு சாமுவேல் ஓல்டுநோ. ஸ்டையலில் இருந்து அதிக தூரம் இல்லாத மெல்லரில் ஆலை நடத்தியவர், மஸ்லின் துணியில் பெயர் பெற்றவர், கடனில் மூழ்கியவர். அவர் ஆலை 1892இல் எரிந்துபோனது. 1921இல் ஒரு சாரணச் சிறுவன் பழைய தறிக்காரர் கூலிச் சீட்டுகளைப் போகிற வருகிறவர்களுக்கு வினியோகித்துக்கொண்டிருக்கிறான்! எங்கே கிடைத்தது என்று விசாரித்துப் போனால், ஆலையைச் சேர்ந்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் தூசிக்கு அடியில் கடிதங்களும் கணக்கேடுகளும் குவியலாகக் கிடக்கின்றன. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் அன்வின் அவற்றை வைத்து 1924இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அந்தப் பையன் அன்று வேறு விளையாட்டு விளையாடியிருந்தால் அவ்வளவுதான்.

காகிதத்தின் உடல்நிலை பற்றியும் ஒரு வார்த்தை. இரும்புச்சத்துள்ள எழுதுமை காலப்போக்கில் காகிதத்தையே அரிக்கும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்திலேயே ஓட்டை விழும். கடிதநகல் ஏடுகள் இன்னும் மோசம். ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை வாங்கிய நகல் அழுத்தியில், ஈரமான மெல்லிய தாளை மூலக் கடிதத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். நகலில் எழுத்து இடவலமாக மாறி விழும். தாளைத் திருப்பிப் பின்பக்கமாகப் படிக்க வேண்டும். வெளிச்சத்தில் அதிகம் வைத்தால் மங்கிவிடும். இப்போது கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, ஓரளவு உதவுகின்றன. பெயர்களிலும் எண்களிலும் அவை அடிக்கடி சறுக்குகின்றன. கணக்கேட்டில் வேறு என்ன இருக்கிறது, பெயரும் எண்ணும்தானே!


நீர்ச்சக்கரம் எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். குவாரி பேங்க் நீரில் ஓடிய ஆலை. 1818 முதல் 1820க்குள் அமைத்த பெரிய சக்கரம் 32 அடி விட்டம். 1904இல் டர்பைன் வரும்வரை அதுதான். 1810லேயே துணைக்கு ஒரு நீராவி எந்திரமும் வாங்கிவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஆலை நிற்கும், வெள்ளம் வந்தாலும் நிற்கும். போன நேரத்தை வேறு நாளில் ஈடுகட்டச் சொல்வார்கள். நீராலைகளுக்கு 1833 சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. ஆகவே ஒரு வாரத்து வேலை நேரத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மழை எப்படி என்றும் பார்க்க வேண்டும்.


வெண்பஞ்சு எழுதியது:

பெண்கள் கூலி பற்றிப் பேசாமல் முடித்துவிடுவோம் போலிருக்கிறது, அதனால் இன்னொரு குடும்ப நிறுவனத்தை இழுக்கிறேன். எசெக்ஸ் பகுதியில் ஹால்ஸ்டெட் ஊரில் கோர்ட்டோல்டு குடும்பத்தின் பட்டாலை. துக்கத்துக்கு உடுத்தும் கருப்பு கிரேப் துணிதான் அவர்கள் பிழைப்பு. 1860 வாக்கில் எடுத்த ஒரு கூலிப் பட்டியல் வரலாற்றுப் பாடங்களில் அடிக்கடி வரும். ஆலையில் சுமார் ஆயிரம் பேர். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். நெசவாளிப் பெண்களுக்கு வாரம் 5 முதல் 8 ஷில்லிங். மேலாளருக்கு வருடம் 1,000 பவுன், லாபத்தில் பங்கும் உண்டு. நெசவாளியின் கூலியை 52ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 13 பவுனில் இருந்து 21 பவுனுக்குள்தான் வரும்.

இதே குடும்பம், கிரேப் மோகம் தணிந்த பிறகு, 1904இல் விஸ்கோஸ் செயற்கைப் பட்டின் உரிமையை வாங்கி உலக அளவில் பெரிய நிறுவனமானது. லண்டனில் கோர்ட்டோல்டு கலைக்கூடம் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே பணம்தான்.

நான் கவனித்தது என்னவென்றால், இந்தப் பட்டியலை எழுதியவருக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. யாரிடமும் மறைக்கத் தேவையில்லாத சாதாரண நிர்வாகத் தாள். எஸ்தரைப் பற்றிய குறிப்பில் ராபர்ட் கிரெக்கிடம் தெரிகிற தற்காப்பு இதில் துளியும் இல்லை. தறிநாடாவின் 'பணம் அல்லது பயம்' என்பதில் பணத்துக்காக எழுதியவைதான் நம்பகமானவை என்று எனக்குப் படுகிறது.


பேரேடு எழுதியது:

அம்மா, அங்கே எனக்கு ஒரு சந்தேகம். பணத்துக்காக எழுதியதிலும் கூட்டாளியை ஏமாற்ற எழுதியது உண்டு, வரிக்காக எழுதியது உண்டு. வாரக் கூலி ஏட்டை நம்பலாம். அதில் பொய் எழுதினால் சனிக்கிழமை பெட்டியில் காசு குறையும். வருடக் கடைசிச் சரக்கு மதிப்பை நம்பமாட்டேன். கூலிப் பட்டியல் முதல் வகை என்பதால் உங்கள் முடிவு இந்த இடத்தில் சரி.


மேல்கரை எழுதியது:

என் நிலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, முழுக்க இல்லை. ஸ்டையல் மற்ற பல ஆலைகளைவிட மேல் என்பதை இன்னும் சொல்வேன். அந்த 'மேல்' எவ்வளவு என்று அளக்க கிரெக்கின் காகிதங்களே போதாது என்பதை ஏற்கிறேன். காகிதப்பூச்சி சொன்ன திவாலான ஆலைகளின் விஷயம் மனதில் உறுத்துகிறது.


ஊடைநூல் எழுதியது:

எனக்கு இந்த ஆவணங்களோடு கொஞ்சம் வேலை செய்ய ஆசை வந்துவிட்டது. எதில் தொடங்குவது? சம்பள ஏடா?


காகிதப்பூச்சி எழுதியது:

சம்பள ஏட்டில் தொடங்காதீர்கள், சலித்துவிடும். ஒப்பந்தப் பத்திரங்களில் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் தனித்தாள், பெயரும் வயதும் பங்கும் தெளிவாக இருக்கும், அச்சிட்ட வாசகத்துக்கு நடுவே கையால் நிரப்பியது என்பதால் படிக்கவும் எளிது. ஒரு வருடத்துப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, அதே வருடத்து ஹாலண்ட் குறிப்பேட்டில் அந்தப் பெயர்களைத் தேடுங்கள். அப்புறம் ஓவர்டைம் வரிகளில் தேடுங்கள். பிறகு அந்தப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. காப்பகத்துக்கு எழுதும்போது பட்டியல் எண்ணோடு கேளுங்கள். ஏட்டின் உள்அட்டையையும், நடுவே செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளையும் சேர்த்துப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் எடுக்க மாட்டார்கள்.


தறிநாடா எழுதியது:

ஊடைநூல், நான் ஏற்கெனவே வைத்திருக்கும் பெயர் அட்டவணையைத் தனிமடலில் அனுப்புகிறேன். ஒரே பிள்ளையின் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், அதற்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறேன். நீங்கள் சேர்ப்பதையும் அதே முறையில் சேருங்கள். வயதுக்கு இரண்டு பத்தி. பத்திரத்தில் உள்ளது ஒன்று, தேவாலயப் பதிவேட்டில் உள்ளது ஒன்று. வித்தியாசம் எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே போடலாம்.